மக்கட்பேறும் பூச்சி மருந்தும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குளம், தெருவிளக்கு, வரிவசூல் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் இரண்டு நாட்களாகக் கேட்டு வருகிறீர்கள். எனக்கு ஒதுக்கப்பட்டுள்ள பொருள் சற்று வேறானது. வயலிலும் வீட்டிலும் நாம் உபயோகிக்கும் இரசாயனப் பொருள்கள், கருவிலிருக்கும் குழந்தையையும் பிறந்து தவழும் குழந்தையையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதே அது. இதை மருத்துவர்கள் மருத்துவமனையில் சொல்லிக்கொள்ளட்டும், ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நான் சொல்லப் போகும் செய்திகளைக் கேட்டபின் அந்த ஐயம் தானாகவே நீங்கிவிடும்.

தொடக்கத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நாம் 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். 'மருந்து அடித்தாயிற்றா?' என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். பயிரின் பிணி தீர்ப்பதால் இப்பெயர் பொருந்தும் என்று வாதிக்கலாம். ஆயினும் இந்த நல்ல பெயரே நம்மை அலட்சியத்திற்கு ஆளாக்கிவிட்டது என்பது என் கருத்து. மருந்து என்றால் கையால் கலக்கலாம், அடுப்படிப் பரணில் வைக்கலாம், தீர்ந்த டப்பாவில் உப்பும் புளியும் போட்டு வைக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. வழக்கத்தை விட முடியாமல் நானும் இன்று மருந்து என்றுதான் சொல்லப் போகிறேன். கேட்கும் நீங்கள் ஒவ்வொரு முறையும் அதனை நஞ்சு என்று மனத்திற்குள் மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன்.

ஈராக் நாட்டில் 1971-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்கிறேன். அது முற்றிலும் உழவர்களைப் பற்றியது. ஆகையால் உங்களுக்கு நன்கு விளங்கும். மழை பொய்த்து விளைச்சல் குன்றிய நிலையில், அந்நாட்டு அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து உயர் விளைச்சல் தரும் விதைத் தானியத்தைக் கப்பலில் தருவித்தது. ஏறத்தாழ 73,000 டன் கோதுமையும் 22,000 டன் பார்லியும் வந்திறங்கின. விதையில் பூஞ்சாணம் பற்றாதிருக்கும் பொருட்டு மெத்தில் பாதரசம் என்னும் கடும் விஷம் அதன்மேல் பூசப்பட்டிருந்தது. இது உண்ணத்தக்கதன்று என்பதைக் காட்டச் செந்நிறச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டையின் மேல் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அது ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருந்தது. ஈராக்கிய உழவர் பேசுவதோ அரபும் குர்திஷும்.

இன்னொரு கேடும் சேர்ந்தது. விதை வந்து சேர்ந்தபோது பல ஊர்களில் விதைப்பு முடிந்துவிட்டிருந்தது. கையில் விதை இருக்கிறது, வீட்டில் மாவு இல்லை. அவ்வுழவர்கள் அறிவில்லாமல் நடந்துகொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நாமாக இருந்தால் எப்படிச் சோதித்திருப்போமோ அப்படியே அவர்களும் சோதித்தார்கள். தானியத்தை நீரில் கழுவினார்கள், சாயம் போயிற்று. சாயத்தோடு விஷமும் போயிற்று என்று நம்பினார்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சில நாட்களில் ஒன்றும் நேரவில்லை. பிறகுதான் அரைத்து ரொட்டி சுட்டுத் தாமும் உண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பாதரச விஷம் தேள்கடி போல் உடனே கடுப்பதில்லை. பல வாரங்கள் கழித்தே கைகால் மரத்தல், நடை தள்ளாடல், பார்வை குன்றல் என்று வெளிப்படும். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் மருத்துவமனைகளுக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் மட்டும் 6,530 பேர். அவர்களுள் 459 பேர் இறந்தார்கள்.

நமது பொருளுக்கு வேண்டிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ரொட்டியை உண்டவர்களில் கருவுற்ற பெண்களும் இருந்தார்கள். அவர்களுள் சிலருக்கு விரல் நுனியில் சிறிது மரமரப்பு இருந்தது, வேறு சிலருக்கு அதுவும் இல்லை. அத்தகைய தாய்மார் பெற்ற குழந்தைகளுள் சில உரிய காலத்தில் தலை நிற்காமலும், கண் தெரியாமலும், நடை பழகாமலும் போயின. தாயைத் தொட்டும் தொடாமலும் விட்ட விஷம், அவள் வயிற்றுக் குழந்தையின் மூளையைச் சிதைத்திருந்தது. எந்த மாதத்தில் விஷம் உடலில் ஏறியது என்பதைத் தாயின் கூந்தலைக் கொண்டே விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தலைமயிர் மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரத்தத்திலுள்ள பாதரசம் அவ்வப்போது வளரும் மயிரில் படிந்துவிடுகிறது. ஆகவே நீண்ட கூந்தலைத் துண்டு துண்டாகச் சோதித்தால், மாதவாரியாகக் கணக்கு எழுதி வைத்தது போல் விவரம் கிடைத்துவிடுகிறது.

இதற்கு முன்பே ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்னும் கடற்கரையூரில் இதே விஷம் தன் வேலையைக் காட்டியிருந்தது. அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீனை உண்டோரை வாட்டியது. அந்நோய் 1956-ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. மீனை ஒருபோதும் வாயில் வைக்காத கைக்குழந்தைகளுக்கும் அந்நோய் இருப்பதற்குக் காரணம் புரியாமல் மருத்துவர்கள் திகைத்தார்கள். கருப்பையிலிருக்கும் குழந்தைக்கு விஷம் போய்ச் சேராதபடி நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதே அந்நாளைய மருத்துவத்தின் நம்பிக்கை. 1962-ஆம் ஆண்டில்தான் அது கருவிலேயே தாக்கிய நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குழந்தையின் இரத்தத்தில் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. அதாவது நஞ்சுக்கொடி இவ்விஷத்தைத் தடுப்பதற்கு மாறாகக் குழந்தையின் பக்கம் தள்ளிவிடுகிறது. நம் மொழியில் அவ்வுறுப்புக்கு இப்பெயர் அமைந்திருப்பதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஊரில் இன்னொன்றையும் செய்தார்கள். குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் வைத்துக் காப்பது ஜப்பானியர் வழக்கம். நம் வீடுகளிலும் அதனை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுகிறோம் அல்லவா? அவ்வாறு பல ஆண்டுகள் காத்து வைத்திருந்த கொடிகளைத் தாய்மார் ஆராய்ச்சியாளர்களிடம் எடுத்துக் கொடுத்தார்கள். எந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு பாதரசம் ஏறியது என்பது அவற்றிலிருந்து வெளிப்பட்டது.

ஈராக்கும் ஜப்பானும் எங்கோ இருக்கின்றன என்று விட்டுவிடுவதற்கில்லை. பாதரசம் கலந்த விதைநேர்த்தி மருந்து நம் நாட்டிலும் நெடுங்காலம் புழங்கியது. மெத்தாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடு என்னும் பொருளைக் கரைத்து அதில் கரும்புக் கரணையை முக்கி நட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். இது ஈராக்கில் வந்த அதே பொருளன்று. ஆயினும் பாதரசப் பொருளே. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அரசாங்கம் இதனையும், மீத்தைல் பாரத்தியான் முதலிய வேறு சில மருந்துகளையும் தடை செய்தது. போரேட், டைக்குளோர்வாஸ், டிரையசோபாஸ் முதலியவை 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டன. கடையில் நிறுத்தப்பட்டாலும் பழைய டப்பாக்கள் கொட்டகை மூலைகளில் இன்னும் கிடக்கலாம். 'காசு கொடுத்து வாங்கியது, வீணாக்குவானேன்' என்று அவற்றைத் தீர்த்துவிட முயல்வது நம் சிக்கனப் புத்திக்கு இயல்பே. அந்தச் சிக்கனம் இவ்விஷயத்தில் வேண்டாம்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது பழமொழி. வளர்ந்த மனிதனுக்கு அது பெரும்பாலும் சரி. கருவிலுள்ள சிசுவுக்கு அளவு மட்டுமன்றிக் காலமும் முக்கியம். விதை முளைவிடும் நாளில் ஒரு நாள் ஈரம் தவறினால் நேரும் கேட்டுக்கும், கதிர் முற்றிய பின் ஒரு வாரம் நீர் தவறினால் நேரும் கேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரு உண்டான 22-ஆம் நாளையொட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் உண்டாகும் குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரத்திற்குள் கை, கால், கண், காது, இதயம் ஆகியவற்றின் வடிவம் ஏறக்குறைய அமைந்துவிடுகிறது. தாலிடோமைடு என்னும் தூக்க மாத்திரை 1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லதென்று கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தார்கள். 1961-ஆம் ஆண்டு இறுதியில் அதனைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்துவிட்டன. குறிப்பிட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் உண்டவர்களின் குழந்தைகளே அவ்வாறு பிறந்தன. அக்காலம் கடந்து அதே மாத்திரையை உண்ட தாய்க்கு நல்ல குழந்தை பிறந்தது.

கருவுற்ற பெண்ணின் பெயரை 12 வாரத்திற்குள் பதிவு செய்ய வேண்டுமென்று நமது கிராம சுகாதாரச் செவிலியர் வற்புறுத்துகிறார். மிகவும் சரியான ஏற்பாடு. ஆயினும் நாள் தள்ளிப்போய்க் கருவுற்றது உறுதிப்படும் முன்பே பலருக்கு அந்த 28-ஆம் நாள் கடந்துவிடுகிறது. ஆகவே எச்சரிக்கையைப் பதிவுக்குப் பின் தொடங்கினால் போதாது. குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் வீட்டில், திருமணமான நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பெண் குழந்தையைப் பொறுத்தமட்டில் இன்னும் ஒரு செய்தி உண்டு. ஒரு பெண் தன் ஆயுட்காலத்திற்கு வேண்டிய கருமுட்டைகள் அனைத்தையும், தான் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே பெற்றுவிடுகிறாள். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி மருந்தடித்த வயலில் களையெடுக்கும்போது, அங்கே நிற்பது அவளும், அவள் மகளும், அம்மகளிடத்துப் பிறக்கப் போகும் பேரப்பிள்ளையின் மூலமுமாக மூன்று தலைமுறை.

இதுவரை பெண்களைப் பற்றியே பேசினேன். ஆண்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். குழந்தையில்லாவிட்டால் மனைவியையே மலடி என்று தூற்றி, மறுமணத்திற்குப் பெண் பார்க்கும் கொடுமை நம் ஊர்களில் இன்னும் அறவே ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்னும் ஊரில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கு வேலை செய்த ஆண்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பது தெரியவந்தது. 1977-ஆம் ஆண்டில் அவர்களைப் பரிசோதித்தார்கள். மூன்று ஆண்டும் அதற்கு மேலும் அம்மருந்தோடு பழகியவர்களிடம் விந்தணுக்கள் மிக அற்பமாக இருந்தன, அல்லது அறவே இல்லை. மூன்று மாதத்திற்கு உட்பட்டுப் பழகியவர்களிடம் அவை பெரும்பாலும் குறையாமல் இருந்தன. அவர்களுக்கு வேறு நோய் ஒன்றுமில்லை. உண்டார்கள், உழைத்தார்கள், உறங்கினார்கள். ஒன்று மட்டும் அவர்களிடமிருந்து பறிபோயிருந்தது.

இம்மருந்து எலிகளின் விதைப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பது 1961-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியில் வெளியாகியிருந்தது என்பதைக் கேட்டால் உங்களுக்கு வருத்தம் உண்டாகும். 1977-க்குப் பிறகு அமெரிக்காவில் அதன் உபயோகம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஆயினும் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களுக்கு அது பின்னரும் அனுப்பப்பட்டு, கோஸ்டாரிகா முதலிய நாடுகளில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மக்கட்பேறற்றுப் போனார்கள். நம் நாட்டில் 1989-இல் தடை செய்யப்பட்டது. ஆணின் உடலில் விந்தணு ஒன்று உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. அற்ப அளவில் நேர்ந்த தீங்கு, விஷத்தை விட்டு விலகினால் சில மாதங்களில் சீராகக் கூடும். ஆனால் விந்தணுவைப் பிறப்பிக்கும் மூல அணுக்களே அழிந்துவிட்டால் அது திரும்புவதில்லை.

பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நரம்பு என்பது பூச்சிக்கும் மனிதனுக்கும் அடிப்படையில் ஒரே வகையாக வேலை செய்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் சிலவற்றை முறித்து வெளியேற்றும் நொதிப்பொருள் ஒன்று நம் இரத்தத்தில் உண்டு. அது பச்சைக் குழந்தைக்கு வளர்ந்தவரைவிட மிகக் குறைவு. உடல் எடையோடு ஒப்பிட்டால், குழந்தை நம்மைவிட அதிகமாகக் குடிக்கிறது, அதிகமாக மூச்சு விடுகிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிறது. கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கில் கீரையும் செம்புற்றுப் பழமும் பயிராகும் வயல்களில் உழைக்கும் குடும்பங்களை, அங்குள்ள பல்கலைக்கழகத்தார் 1999-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இம்மருந்துகளின் மிச்சம் மிகுதியாக இருந்த பிள்ளைகள், குறைவாக இருந்த பிள்ளைகளைவிட, ஏழாவது வயதில் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக ஏழு புள்ளி குறைந்திருந்தார்கள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஏழு புள்ளி என்பது பார்த்தவுடன் தெரியும் ஊனமன்று. அந்தப் பிள்ளை ஓடியாடும், பேசும், பள்ளிக்குப் போகும். கணக்கில் மட்டும் பின்தங்கி நிற்கும். ஆசிரியர் மந்தம் என்பார், தந்தை சோம்பல் என்று அடிப்பார். குளோர்பைரிபாஸை உலகெங்கும் ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் 2025-ஆம் ஆண்டு மே மாதம் சேர்த்துள்ளன.

நமக்கு மிக அருகில் நடந்தது காசர்கோடு. கேரளத்தின் வடகோடியிலுள்ள அம்மாவட்டத்தில், அரசுத் தோட்டக் கழகத்திற்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க 1970-களின் பிற்பகுதி முதல் 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அது குன்றும் பள்ளமுமான பிரதேசம். தோட்டத்திற்கு இடையிடையே வீடுகள், ஓடைகள், மலைச்சரிவில் குடைந்த சுரங்கக் கிணறுகள். மேலிருந்து தெளிப்பது முந்திரிமேல் மட்டும் விழும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் உறுப்பு ஊனமுற்ற குழந்தைகளும் சில ஊர்களில் வழக்கத்திற்கு மாறாகக் காணப்பட்டன. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நலவியல் நிறுவனத்தார் அங்கு பத்ரே என்னும் கிராமத்துச் சிறுவர்களையும், மருந்து தெளிக்கப்படாத வேறொரு கிராமத்துச் சிறுவர்களையும் ஒப்பிட்டு, பத்ரே சிறுவர்கள் பருவமடைவது தாமதப்படுகிறது என்று 2003-இல் வெளியிட்டார்கள். அங்கு நேர்ந்த எல்லா நோய்க்கும் இம்மருந்து ஒன்றே காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கிணறும் ஓடையும் வீடுமாக மக்கள் வாழும் இடத்தின்மேல் கால் நூற்றாண்டு விஷம் தூவியது தகுமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அதைத் தடுத்து நிறுத்தும் வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர், வேளாண்மைத் துறையிலேயே பணியாற்றிய லீலாகுமாரி அம்மா என்னும் பெண்மணி. 1998-ஆம் ஆண்டு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தெளிப்புக்குத் தடையும் பெற்றார். 2011-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானைத் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டது.

இவற்றைச் சொன்னதனால், ஊனமுற்றுப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்துதான் காரணம் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். சத்துக் குறைவு, போலிக் அமிலக் குறைவு, நெருங்கிய உறவில் மணம், சில நோய்கள் என்று காரணங்கள் பல. ஒரு வீட்டில் இப்படியொரு குழந்தை பிறந்தால், அந்தத் தாயிடம் போய் 'நீ வயலுக்குப் போனதால்தான்' என்று பேசுவது பாவம். அவள் விரும்பியா போனாள்?

மருந்து டப்பாவின் மேல் சாய்சதுரத்தில் ஒரு நிறம் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. பச்சை நிறத்தைப் பார்த்தவுடன் 'இது ஒன்றும் செய்யாது' என்று பலர் துணிந்துவிடுகிறார்கள். அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தடவையில் உடலில் புகுந்தால் எவ்வளவு அளவு உயிரைக் கொல்லும் என்ற கணக்குதான் அது. சிறுகச் சிறுகப் பல மாதம் உடலில் ஏறினால் கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கும் அந்த நிறத்திற்கும் தொடர்பில்லை. தாலிடோமைடுக்கு இப்படி நிறம் கொடுத்திருந்தால், பெரியவர் ஒருவரை அது எளிதில் கொல்லாது என்பதால், அதற்குப் பச்சைதான் கிடைத்திருக்கும்.

இனி வீட்டிலும் ஊரிலும் செய்யத்தக்கவற்றைக் கூறுகிறேன். கைத்தெளிப்பானைச் சுமப்பவர் பெரும்பாலும் ஆண். ஆனால் தண்ணீர் சுமந்து தருபவள், மருந்து தோய்ந்த வேட்டி சட்டையைத் துவைப்பவள், மறுநாள் அதே வயலில் குனிந்து களை பறிப்பவள் யார்? பருத்தி எடுப்பதும், விடியற்காலையில் மல்லிகை மொட்டுப் பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கை வேலையே. ஆகவே தெளிப்பவருக்குச் சொல்லும் அறிவுரை அந்த வீட்டுப் பெண்ணுக்கும் சேர வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்ணும், கருவை எதிர்நோக்கும் பெண்ணும், பால் கொடுக்கும் தாயும் மருந்து கலக்கவோ, தெளிக்கவோ, அந்தத் துணியைத் தொடவோ கூடாது. தெளித்த வயலில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பது மருந்தோடு வரும் துண்டுத்தாளில் இருக்கும். எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் பள்ளிப் பிள்ளையைக் கொண்டாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தெளித்துத் திரும்பும் ஆண்மகன், குளித்து வேறு துணி உடுத்தாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. அவன் துணியை அவனே தனியாக அலசிப் போடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தீர்ந்த டப்பாவை மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டு உபயோகமற்றதாக்க வேண்டும். உணவுப் பொருளும் பூச்சி மருந்தும் ஒன்றாகப் பயணம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1958-ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் கசிந்து, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூச்சி மருந்துச் சட்டம் 1968-இல் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் குறையுமே என்ற அச்சம் நியாயமானது. இந்தோனேசியா தேசத்தில் நெற்பயிரைப் புகையான் பூச்சி சூறையாடியபோது, மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. அதனைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் முதலில் மடிந்ததே காரணம். 1986-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்து, வயலிலேயே பள்ளி நடத்தி உழவர்களுக்குப் பூச்சிகளை இனம் காணக் கற்பித்தது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி நூறு லிட்டராக்கித் தெளிப்பதும், விளக்குப் பொறியும், இனக்கவர்ச்சிப் பொறியும் நீங்கள் அறியாதவை அல்ல. வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டால் விவரம் சொல்வார். கடைக்காரரைக் கேட்டு மருந்து வாங்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். அவர் விற்பதற்கு உட்கார்ந்திருக்கிறார்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை எதற்கும் குடியிருப்புக்கருகில் ஊராட்சி இடமளிக்கக் கூடாது. உடலில் புகுந்த ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரையும்போது அதனுடன் வெளிப்பட்டுக் குழந்தையை அடைகிறது. சிறுமியாக இருந்தபோது மூச்சில் புகுந்தது, அவள் தாயாகும்போது வட்டியுடன் வருகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயமாக இருக்க வேண்டும். மலிவென்று வாங்கும் சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளிக்கரைசல் அதைக் கரைத்து இலையில் பரிமாறிவிடும்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. தாய்ப்பாலிலும் இத்தகைய இரசாயனங்கள் சிறிது இருக்கக் காணலாம். வயலில் டி.டி.டி. உபயோகிப்பது 1989-இல் நிறுத்தப்பட்ட பின்னும் அது நெடுங்காலம் தாய்ப்பாலில் தென்பட்டது. இதைக் கேட்டு யாரும் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலால் வரும் நன்மை அந்தச் சிறு தீங்கைவிட மிகப் பெரியது. ஆறு மாதம் வரை அதுவே குழந்தைக்கு முழு உணவு. புட்டிப்பாலுக்கு மாற்றினால் வேறோர் அபாயம் ஊர்க் கிணற்றிலிருந்தே வரும். அதைச் சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

1945-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த காம்லி என்னும் மருத்துவர், கிராமத்துக் கைக்குழந்தைகள் சில உடல் நீலம் பாய்ந்து வருவதைக் கண்டு ஆராய்ந்தார். பண்ணைக் கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தது. குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிட்டது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? நாம் தேவைக்கு மேல் கொட்டும் யூரியாவிலிருந்தும், கிணற்றை ஒட்டிய மாட்டுக்கொட்டிலிலிருந்தும், கழிவுநீர்க் குழியிலிருந்தும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை, ருசியுமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகிவிடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளுள் ஒன்று மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று. அந்தக் கூட்டத்திற்கு முன்பாகவே ஊரிலுள்ள ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் நீர் எடுத்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, முடிவைச் சபையில் படிக்கச் செய்யுங்கள். 45-ஐத் தாண்டிய கிணற்றின்மேல், 'கைக்குழந்தைக்குப் பால் கரைக்க ஆகாது' என்று எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி ஓர் அடையாளத்துடன் சாயத்தில் எழுதி வைத்து, அந்தத் தெருவுக்கு வேறு கிணற்றிலிருந்து குழாய் இழுக்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மழைக்குப் பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையுமாக இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். கிணற்றுக்குக் கிணறு, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும்.